அந்தரத்தில் இருபத்தைந்து மூட்டை

எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு. எடைக்காரியும் அவள் கொழுந்தனும் கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. இருபத்தைந்து மூட்டைப் பால் பவுடர், மூட்டை ஒன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, மாசம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பவுடரில் ஒரு சிட்டிகையைக்கூட இரண்டு பேரும் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. ஆனால் அது அவரவருக்குத் தன்னைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற பானத் தூள் செய்கிற கம்பெனி அது. சர்க்கரை, மால்ட், ஸ்டார்ச், உப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதில் விலை கூடினது பால் பவுடர். மற்றதெல்லாம் சிந்தினால் துடைப்பம் எடுப்பார்கள். பால் பவுடர் சிந்தினால் ஆளை எடுப்பார்கள் என்று பேச்சு.

கலவைக் கூடம் மேலும் கீழுமாக இரண்டு தட்டு. மேல்தட்டில் கொழுந்தன். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு மூட்டையை எடுத்து, தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் ஏற்றி, வாயைக் கத்தியால் கீறி, கம்பி வலைமேல் கவிழ்த்து இரண்டு உதறு உதறுவான். கீழ்த்தட்டில் அவள். அவள் தலைக்கு மேலே பெரிய புனல். புனலுக்கு அடியில் ஒரு தகடு. கைப்பிடியை இழுத்தால் தகடு விலகித் தூள் இறங்கும், தள்ளினால் நிற்கும். அதற்குக் கீழே, தராசின்மேல் உட்கார்ந்திருக்கிற தொட்டி. கண்ணுக்கு நேரே பெட்டியில் எண்கள் ஓடும். ஒரு கலவைக்கு இருபது கிலோ பால் பவுடர். இருபது வந்ததும் பச்சை விளக்கு எரியும், பொத்தானை அழுத்துவாள், தொட்டியின் அடி திறந்து எல்லாம் கலக்கிற டிரம்முக்குள் போய்விடும். அடுத்தது.

பார்க்கச் சும்மா கதவைத் திறந்து மூடுகிற வேலை மாதிரிதான் இருக்கும். புதிதாக வந்தவர்கள் இரண்டு நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் மாற்றல் கேட்பார்கள். ஏனென்றால் பெட்டியில் இருபது வந்த பிறகு தகட்டை மூடினால், எண் இருபதில் நிற்காது. புனலை விட்டுக் கிளம்பின தூள், இன்னும் தொட்டிக்கு வந்து சேராத தூள், நடுவில் அந்தரத்தில் இருக்கும். அது வந்து விழுந்ததும் எண் ஏறும். அதற்கு அங்கே வால் என்று பேர். வாலுக்கு இடம் விட்டு முன்னாலேயே மூட வேண்டும். எவ்வளவு முன்னால் என்றால் அதற்குச் சட்டம் கிடையாது. மழை நாளில் தூள் ஈரம் குடித்துப் புனலுக்குள்ளேயே கூடு கட்டிக்கொண்டு நிற்கும். ரப்பர்ச் சுத்தியால் நாலு போட்டால் கூடு இடிந்து மொத்தமாக இறங்கும். வெயில் நாளில் தண்ணீர் மாதிரி ஓடும். ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு வால்.

கொஞ்சம் சீக்கிரம் மூடி எடை குறைந்துவிட்டால் சிவப்பு விளக்கு. மெஷின் நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து இடுப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் நகரும். அவருக்குச் சைரன் என்று பேர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் ரெண்டு தட்டுக்கும் கேட்கும்.

"என்னம்மா, கை நடுங்குதா? கல்யாண வீட்டுல உப்புப் போடறியா, கிள்ளிக் கிள்ளி? உன்னால பதினஞ்சு நிமிஷம் பேக்கிங் நிக்குது. அங்க எட்டுப் பேர் சும்மா நின்னு கொட்டாவி விடறான். எல்லாருக்கும் உன் சம்பளத்துல இருந்து தரட்டுமா?"

எடை கூடினால் ஒன்றும் இல்லை. கால் கிலோ வரைக்கும் கூடினாலும் பச்சைதான் எரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்திலேயே அவள் கை அதைப் படித்துக்கொண்டது. அவள் படிக்கவில்லை, கைதான் படித்தது. கூடுகிற பக்கமாகவே மூடும். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

ஸ்டாக் எண்ணப் புதிதாக ஒரு ஆள் வந்த வருஷம்தான் இருபத்தைந்து மூட்டை குறைகிறது என்று தெரிந்தது. மேனேஜர் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"மூட்டை ஸ்டோரை விட்டு வெளிய வந்திருக்கு. கையெழுத்து இருக்கு. கலவை இத்தனை, கலவைக்கு இருபது கிலோ, அதுவும் மெஷின்ல இருக்கு. நடுவுல இருபத்தஞ்சு மூட்டையைக் காணோம். நடுவுல இருக்கறது நீங்க ரெண்டு பேர். ரெக்கை முளைச்சுப் பறந்துச்சா?" என்றார் மேனேஜர்.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"காலிப் பையாவது இருக்கா?"

"காலிப் பை அன்னன்னைக்கே பழைய சாமான்காரனுக்குப் போயிடும் சார்" என்றான் கொழுந்தன்.

"சௌகரியமாப் போச்சு. சரி, எடுத்தவங்க யாருன்னு சொல்லிட்டா மத்தவங்க தப்பிச்சாங்க. ஒரே வீடு வேற. பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா?"

நான் எடுக்கவில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த நேரத்தில்தான் கொழுந்தனின் வண்டி ஞாபகம் வந்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் வாங்கின மோட்டார் சைக்கிள். பழையதுதான், ஆனாலும் கைக்காசு கொடுத்து வாங்கினது. நான் இல்லை என்று அவள் சொன்னால், அடுத்த விரல் அவன் பக்கம் நீளும். இருபத்தெட்டு வயது. பெண் பார்த்து முடிவாகிற நேரம். போலீசுக்குப் போனால் அதோடு சரி. அவள் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் அவனும் பேசாமல் நின்றான். அவன் பேசாததைப் பார்த்ததும் அவளுக்கு முடிவாகிவிட்டது. எடுக்காதவன் எதற்குப் பேசாமல் நிற்பான்?

"அப்ப ஆளுக்குப் பாதி" என்றார் மேனேஜர். "போலீசு வேண்டாம்னு பெரிய மனசு பண்றோம். போய் வேலையைப் பாருங்க."

வீடு இரண்டு அறை. முன்னறையில் மாமியாரும் கொழுந்தனும், பின்னறையில் அவளும் புருஷனும். புருஷன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். நாள் முழுக்க முட்டி போட்டு முட்டி போட்டு இரண்டு முழங்காலும் போய், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். பேச்சும் அப்படித்தான், யாராவது இழுத்தால்தான் வரும்.

முதல் பிடித்தம் வந்த அன்று மாமியார் சம்பளக் கவர்களை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

"பால் பவுடர் தின்ன வீடா இது? எங்க, என் நாக்குல ஒரு பொட்டு பட்டிருக்குமா? அக்கம்பக்கத்துல கேக்கறாளுங்க, என்ன உங்க வீட்டுல ரெண்டு பேரு கம்பெனியில, டீ கெட்டியா இருக்குமேன்னு. நான் வரக்காப்பி குடிக்கறதைக் கூப்பிட்டுக் காட்டவா?"

"அம்மா, விடும்மா" என்றான் கொழுந்தன்.

"எதை விட? எடுத்ததை எங்கயாவது வித்திருந்தாலும் வீட்டுக்கு ஒரு பாத்திரமாவது வந்திருக்கணும். திருட்டுப் பேரும் வந்து, சோறும் கொறைஞ்சா, இது என்ன பொழப்பு?"

அவள் முட்டைக் குழம்பை இறக்கினாள். அன்றைக்கு எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கொழுந்தன் தட்டில் போடும்போது, கரண்டி தானாகக் கொஞ்சம் சரிந்தது. முட்டை அவனுக்குச் சின்னதாக விழுந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

பின்னறையில் புருஷன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "அவன்தானா?"

"எனக்கென்ன தெரியும்?"

"கேட்டுத் தொலையேன்."

"நீங்க கேளுங்க. உங்க தம்பிதானே."

"உன்கூடத்தானே வேலை செய்யறான்."

"ஒரு தட்டு மேல இருக்கான். நடுவுல காங்கிரீட்டு. குதிச்சுக் கேட்கவா?"

அவன் தைலப் புட்டியை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ இல்லையே?" என்றான்.

அவள் விளக்கை அணைத்தாள். கோபம் வரவேண்டிய கேள்வி. வரவில்லை. மரத்துப்போன காலை யாரோ மிதித்த மாதிரி இருந்தது, மிதிபட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை.

பெண் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெண்ணோட அப்பா மட்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், டீ குடித்தார், டம்ளரை அவரே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைத்தார். அவ்வளவு மரியாதை எதற்கு என்று எடைக்காரி அப்போதே யோசித்தாள்.

"எங்க பொண்ணுக்கு இன்னும் வயசு இருக்குன்னு வீட்டுல நெனைக்கறாங்க" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் நல்ல பையன்தான். நான் ஒண்ணும் சொல்லலை. ஊர்தான் ஒண்ணு சொல்லுது."

"ஊரு என்ன சொல்லுது?" என்றாள் மாமியார்.

"அதை நான் எதுக்கு என் வாயால?"

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் மாமியார் பொறுத்திருந்தாள். "இருபத்தாறு வயசுப் பொண்ணுக்கு இன்னும் வயசு இருக்காம். பால்குடி மறந்ததும் கட்டிக் கொடுப்பாங்க போல."

கொழுந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். எடைக்காரி காலி டம்ளரைக் கழுவினாள். திருடினவனுக்கு இது வேணும் என்று ஒரு மனசு சொன்னது. பாவம் என்று ஒரு மனசு சொன்னது. இரண்டும் ரொம்ப தூரத்திலிருந்து சொன்னமாதிரி இருந்தது.

அப்படியே மாசங்கள் போயின. காலையில் அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் அவளும் வேலைக்குப் போவாள். இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பை. மழையில் கூடு கட்டின தூளைச் சுத்தியால் தட்டுவாள். வெயிலில் வால் நீளும். இமையில் தூள், மூக்குக்குள் தூள், உதட்டை நக்கினால் இனிப்பு. மேலே மூட்டை விழுகிற சத்தம் கேட்டால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம். சத்தம் நின்றால் ஸ்டோருக்குப் போயிருக்கிறான். ஒவ்வொரு முறை போகும்போதும், எத்தனை மூட்டை எடுக்கிறான் என்று அவள் காது எண்ணியது. மேலேயிருந்து அவனும் அப்படி எதையோ எண்ணிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பதினோரு பிடித்தம் போன பிறகு, புனலுக்கடியில் இருந்த தகட்டைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட வந்தார்கள். வெளிக் கம்பெனி ஃபிட்டர் ஒருவர் வந்தார். தொப்பை முன்னால் வர, பின்னால்தான் ஆள் வருவார். காற்றில் ஓடுகிற தகடு. முதலில் முழுசாகத் திறக்கும், இருபதை நெருங்கினதும் பாதி மூடி நூல் மாதிரி விடும், கடைசியில் வாலையும் தானே கணக்குப் பண்ணி மூடிக்கொள்ளும். எடைக்காரி இனிமேல் பொத்தானை அழுத்தினால் போதும்.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, சம்பளம் வரும்" என்றார் ஃபிட்டர். "இத்தனை வருஷம் இந்தக் கம்பியை இழுத்து இழுத்து உங்க தோள் ஒரு பக்கம் எறங்கியிருக்கு பாருங்க. கண்ணாடியில பாத்ததில்லையா?"

"கண்ணாடி பாக்க எங்க நேரம்?"

"அதுவும் சரிதான். எங்க வீட்டுல நேரம் இருக்கு, கண்ணாடிதான் பாக்க மாட்டேங்குது."

டீ இடைவேளையில் அவரும் மேல்தட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். கொழுந்தன் மூன்று படி மேலே, அவள் இரண்டு படி கீழே. சைரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு செலவு பண்ணி இது எதுக்கு?" என்றார் சைரன். "கையாலயே நல்லாத்தான் ஓடிச்சு."

"நல்லாத்தான் ஓடிச்சு, ரொம்ப நல்லா ஓடிச்சு" என்றார் ஃபிட்டர். "போன வருஷமே வந்து ஒரு வாரம் பாத்துட்டுத்தான் விலை எழுதிக் கொடுத்தேன். கலவைக்கு நூறு, நூத்தம்பது கிராம் கூடப் போகுது. எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான். குறைஞ்சா திட்டு, கூடினா பச்சை. அப்ப கை எந்தப் பக்கம் போகும்? வருஷத்துக்கு இருபத்தஞ்சு மூட்டை மிச்சமாகும்னு எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வருஷத்துல மெஷின் காசு வந்துடும். உங்க மேனேஜர் அதைப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டார்."

"எத்தனை மூட்டை?" என்றாள் எடைக்காரி.

"இருபத்தஞ்சு. ஒண்ணு முன்னப்பின்ன."

சைரன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி போய்விட்டார். ஃபிட்டர் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். அது பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. "போச்சு" என்று விரலை விட்டுத் தேடினார்.

அவள் திரும்பி மேலே பார்க்கவில்லை. கொழுந்தன் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கேன்டீனுக்குப் போகாமல் மேல்தட்டுக்கு ஏறினாள். அவன் மூட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தான். மூக்குக்குக் கீழே மட்டும் தோல் நிறம், மேலே எல்லாம் வெள்ளை. சாப்பாட்டுப் பையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிர் அடுக்கில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணீங்களே. பணம் ஏது?"

அவள் கை தட்டில் நின்றது. "அதை எதுக்கு இப்பக் கேக்கற?"

"ஒரு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்."

"உங்க அண்ணன் கொடுத்தார். ஒரு பெரிய வீட்டு வேலையில மொத்தமா வந்த காசு. அத்தைக்குத் தெரிஞ்சா பேசுவாங்கன்னு சொல்லிக்கல. ஏன்?"

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே பிசைந்தான்.

"நான்னு நெனச்சியா?" என்றாள்.

"வேற யாரை நெனைக்க? நான் எடுக்கலை. மூட்டை கம்மி. நடுவுல ரெண்டு பேர்னு அவரே சொல்லிட்டார். நான் எடுக்கலைன்னு கத்தினா உங்க தலையில விழும். அண்ணன் முட்டி வேற போயிடுச்சு. உங்களையும் வெளிய அனுப்பிட்டா வீடு எப்படி ஓடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அதுக்குத்தான் மூடிக்கிட்டியா?"

"பின்ன எதுக்கு?"

"உன் வண்டி?"

அவன் நிமிர்ந்தான். "வண்டிக்கு என்ன?"

"கைக்காசு கொடுத்து வாங்கினயே."

"நாலு மாசம் ஞாயித்துக்கிழமை பூரா ஓவர்டைம் வந்தேனே அண்ணி. நீங்கதானே சோறு கட்டிக் கொடுத்தீங்க!"

கட்டிக் கொடுத்தாள்தான். நாலு மாசமும் அவள் கைதான் கட்டியது. மேனேஜர் அறையில் நின்றபோது வண்டி ஞாபகம் வந்தது, சோறு ஞாபகம் வரவில்லை.

"நீதான் எடுத்திருக்கன்னு நெனச்சேன்" என்றாள். "கல்யாணச் செலவுக்கு வெச்சிருக்கன்னு."

"கல்யாணம்தான் பறந்து போச்சே."

"அதுக்கப்புறமும் நெனச்சேன்."

கீழே ஃபிட்டர் காற்றுக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். உஸ், உஸ் என்று சத்தம். கொழுந்தன் தட்டை வழித்து, கடைசி வாயையும் மென்று விழுங்கினான். அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், இல்லாவிட்டால் கத்துவான் என்று. தண்ணீர் குடித்தான்.

"அப்ப யாரும் எடுக்கலை" என்றான்.

"எடுத்தது என் கைதான். இந்த வால்லதான் போயிருக்கு."

"எங்க போச்சு?"

"டப்பாவுக்குள்ளதான். குடிச்சவங்க வயித்துல இருக்கும்."

"நமக்குத் தெரியாத ஆளுங்க வயித்துல." அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒருத்தனாவது நல்லாருக்குன்னு சொல்லியிருப்பானா?"

"சொல்லியிருப்பான்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கொழுந்தனே அம்மாவிடம் சொன்னான். வால், பச்சை விளக்கு, ஃபிட்டர் எழுதிக் கொடுத்த இருபத்தைந்து எல்லாம் சொன்னான். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆக, யாரும் எடுக்கலை?"

"யாரும் எடுக்கலை."

"அப்ப ஏண்டா ஒரு வருஷம் ரெண்டு பேரும் வாயில மண்ணைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டா என்ன, நாக்குத் தேஞ்சுடுமா?"

"நீ கேட்டியாம்மா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்கு ரெண்டு பேர் மேலயும் சந்தேகம்" என்றாள் மாமியார்.

புருஷன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகிவிட்டது. சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பலாமா என்று மாமியார் கேட்டபோது, அந்தப் பெண்ணுக்குப் போன மாசமே வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று கொழுந்தன் சொன்னான். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

மேலே போய்ச் சொல்லலாமா என்று சைரனிடம் கேட்டார்கள். அவர் இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சொல்லலாம்மா. சொன்னா, ஏன் கூடப் போட்டன்னு உன்னைக் கேப்பாங்க. சிவப்பு எரிஞ்சா திட்டறாருன்னு நீ சொல்லுவ. யாரு திட்டறதுன்னு கேப்பாங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. கொஞ்சம் ஆறப் போடுங்களேன்."

ஆறப் போட்டார்கள். அடுத்த பிடித்தமும் போனது. அதோடு ஆளுக்கு முப்பதாயிரம்.

அதற்கடுத்த மாசம் சம்பளத்துக்கு முன்னால் கணக்கர் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கர் வயசானவர், சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றிலும் மை இருக்காது. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே பயமாக இருந்தது.

"இன்னும் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு நிக்குது" என்றார். "அதைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?" என்றான் கொழுந்தன்.

"ஆடிட்டர். மெஷின் வாங்கின காகிதத்துல, கூடுதலாப் போற இருபத்தஞ்சு மூட்டை மிச்சமாகும்னு இருக்கு. இந்தக் காகிதத்துல அதே இருபத்தஞ்சு மூட்டை திருட்டுன்னு இருக்கு. ஒரே சரக்கு ஒரே வருஷத்துல ரெண்டு வழியாவும் போக முடியாது, ஏதாவது ஒண்ணைத் தூக்குங்கன்னுட்டார். மெஷின் வந்து மாட்டியாச்சு, அதைத் தூக்க முடியாது. அதனால இதைத் தூக்கறோம்."

"இது வரைக்கும் கட்டினது?"

"கட்டினது கட்டினதுதான் தம்பி. உள்ள போனது வெளிய வர்றதுக்கு இங்க வழி வெக்கலை."

கொழுந்தன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தான். எடைக்காரி அவன் கையைப் பார்த்தாள். பிடி இறுகியது, அப்புறம் தளர்ந்தது. கணக்கர் இரண்டாவது பேனாவை உதறிப் பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"காரணம்னு ஒரு இடம் இருக்கு. திருட்டை அடிச்சாச்சு. என்ன போடட்டும்?"

"வால்னு போடுங்க" என்றாள் எடைக்காரி.

"என்னது?"

"தகட்டை மூடினதுக்கப்புறம் விழற தூள். அது என் கை. இவன் மேல இருந்து கொட்டறதோட சரி, இவனுக்கு அதுல ஒண்ணும் இல்லை. எடைக்காரி கை தாராளம்னு என் பேரைப் போட்டே எழுதுங்க. இவன் பேரை அதுல இருந்து எடுத்துடுங்க."

கணக்கர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேரு போட்டா அப்புறம் உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா. மறுபடி முதல்ல இருந்து. 'கையாளும்போது ஏற்பட்ட இழப்பு'ன்னு போடறேன். யார் கைன்னு இதுல கேக்க மாட்டாங்க."

"கேக்கணும் சார்."

"கேக்க மாட்டாங்க" என்றார் அவர், ஆறுதல் சொல்கிற மாதிரி. எழுதினார். கோடு போட்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் பேர் திருட்டிலிருந்து போய்விட்டது, அவள் பேரும் போய்விட்டது, யார் பேரும் எங்கும் இல்லை.

வெளியே லாரிகள் நிற்கிற இடத்தில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. கலவைக் கூடத்துக்குப் போகிற வழியில் கொழுந்தன் முன்னால் நடந்தான். அவள் கூப்பிட்டாள்.

"இரு. உன் முப்பதாயிரம் இருக்கு. அது என் கையால போனது. நான் உனக்குத் தரணும்."

"எதுல இருந்து?"

"மாசாமாசம் தர்றேன். என் சம்பளத்துல இருந்து."

"இப்பத்தான் அண்ணி ஒரு பிடித்தம் நின்னுச்சு. நீங்க புதுசா ஒண்ணை ஆரம்பிக்காதீங்க."

"எனக்கு உறுத்துமில்ல."

"எனக்கும்தான் உறுத்துது. ஒரு வருஷம் நீங்க எனக்குச் சோறு போட்டீங்க, ஒவ்வொரு வாய்க்கும் உங்களைத் திருடின்னு நெனச்சுக்கிட்டே தின்னேன். அதை எத்தனை மாசத்துல கட்ட?"

"நானும்தான் நெனச்சுக்கிட்டே போட்டேன்."

"அப்ப அதுக்கு அது நேர். முடிஞ்சுது."

"பணம்?"

அவன் தொப்பியைத் தலையில் மாட்டி, முடி வெளியே தெரியாமல் உள்ளே தள்ளினான். முகமூடியை ஏற்றுவதற்கு முன்னால், கணக்கர் குரலிலேயே, இல்லாத கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னான்:

"தள்ளுபடி."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். இரண்டு பேரும் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். வரவில்லை. அவன் மேல்தட்டுக்கு ஏறிப்போனான். அவள் கீழே போய்ப் பொத்தானுக்கு முன்னால் நின்றாள். தகடு தானே திறந்தது, தானே மூடியது, எண் இருபதில் நின்றது.